சித்திரையில் தொடங்கும் மாரிக் கணக்கு

பருத்தித்துறையில் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று பலத்தால் பல நாட்கள் வள்ளம் கடலுக்குப் போகாது. வருமானம் நிற்க, கடைக் கடன் ஏறும். உலர் உணவு நிவாரணமும் முடிந்திருந்தால் சமாளிப்பது கடினம். எனவே மாரிக்கான சேமிப்பைச் சித்திரைப் புத்தாண்டிலேயே தொடங்குங்கள்.

கைவிசேஷக் காசை உண்டியலின் முதற்காசாகப் போடுங்கள். இம்முறை புத்தாடையைக் கடனுக்கு வாங்காமல் விடுவதே நல்லது. வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒன்றையும் விடாமல் எழுதுவார்கள்! கடனுக்கு எடுக்கும் சாமானையும் அன்றன்றே குறித்து, மாத முடிவில் கடைக்காரரின் கொப்பியோடு ஒப்பிடுங்கள். தவறிருந்தால் அப்போதே பேசித் திருத்தலாம்.

மீன் மலிந்த நாளில் கருவாடு போடுங்கள். ஒடியலை நன்றாகக் காயவிட்டு, இறுக்கமாக மூடும் பேணியில் வையுங்கள். மாரியில் அதை இடித்து மாவாக்கினால் பிட்டும் கூழும் ஆகும். அரிசிச் செலவு குறையும்.