முழங்கால் போனால் கால்பந்தும் போய்விடுமா?

கேள்வி: ஐயா, கல்லூரி அணியில் நடுக்களத்தில் ஆடியவன் நான். முழங்கால் தசைநார் அறுந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பழைய வேகம் வரவில்லை. பயிற்சியாளர் ஆகலாமா என்று யோசிக்கிறேன். “மாநில அணிக்குக்கூட ஆடாதவன் பேச்சை யார் கேட்பார்கள்?” என்கிறார்கள் வீட்டில். சென்னையின் எஃப்சிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஜான் கிரெகரி இங்கிலாந்துக்கே ஆடியவர்தானே? பெரிய ஆட்டக்காரர்களுக்குத்தான் இந்த வேலையா?
– வாசகர், விக்கிரமங்கலம், அரியலூர் மாவட்டம்

பதில்: தம்பி, கிரெகரி பெயரை நீங்களே எடுத்தது நல்லதாகப் போயிற்று. உங்கள் வீட்டாருக்கு அவர் கதையையே பதிலாகச் சொல்லலாம்.

அவர் இங்கிலாந்துக்காக 6 ஆட்டங்கள் ஆடியவர். 1982 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியில் இருந்தார். அந்தப் பெயரோடுதான் 1989 இல் போர்ட்ஸ்மவுத்துக்கு மேனேஜர் ஆனார். ஓராண்டில் வேலை போயிற்று. அடுத்து அவர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரையன் லிட்டில் என்பவரிடம் லெஸ்டரிலும் ஆஸ்டன் வில்லாவிலும் பயிற்சியாளர்களில் ஒருவராகச் சேர்ந்து, வருடக்கணக்கில் தொழில் கற்றார். 1996 இல் மூன்றாம் நிலை லீக்கில் இருந்த விக்கம்ப் அணியை ஏற்றார். 1998 இல் ஆஸ்டன் வில்லாவுக்கே மேனேஜராகத் திரும்பினார். 2000 இல் அந்த அணி எஃப்ஏ கோப்பை இறுதிவரை போனது. அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுசேர்த்தது இடையில் கற்ற தொழில்தான் என்பேன். ஆடிய பெயர் மட்டும் போதுமென்றால் போர்ட்ஸ்மவுத்திலேயே ஜெயித்திருக்க வேண்டுமே?

பிறகு டெர்பி, இஸ்ரேல், கஜகஸ்தான், கிராலி டவுன் என்று போனவர், உடல்நலக் குறைவால் 2014 இல் ஒதுங்கினார். 2017 இல் சென்னைக்கு வந்தபோது வயது 63. வந்த முதல் சீசனிலேயே இந்தியன் சூப்பர் லீக் கோப்பை.

2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தின் வீடியோவை ஒரு பயிற்சியாளரின் கண்ணோடு மறுபடி பாருங்கள். 9 ஆவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டி பெங்களூரை முன்னிலைக்குக் கொண்டுபோகிறார். சொந்த மண்ணில் ஆடும் அணி, லீக் பட்டியலில் முதலிடம் வேறு. சென்னை பதறவில்லை. 17 ஆவது நிமிடம் சென்னை ஆட்டக்காரர் கிரெகரி நெல்சன் கார்னர் அடிக்கிறார், மைல்சன் ஆல்வெஸ் எம்பி முட்டுகிறார், கோல். இடைவேளைக்குச் சற்று முன் மறுபடியும் நெல்சன் கார்னர், மறுபடியும் மைல்சன் தலை. 67 ஆவது நிமிடம் ரஃபேல் அகஸ்டோ தூரத்திலிருந்து அடித்த பந்து மூன்றாவது கோல். கடைசியில் பெங்களூரு இன்னொன்று அடித்தும், 3-2 என்று சென்னை ஜெயித்தது. கார்னரில் யார் எங்கே நிற்பது, யார் எதிராளியை இழுத்துக்கொண்டு ஓடுவது, யார் தாமதமாக வந்து எம்புவது என்பதையெல்லாம் பயிற்சி மைதானத்தில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால்தான் பழகும். அதைச் சொல்லித்தர உங்கள் முழங்கால் தடையில்லை.

ஆனால் அடுத்த சீசனையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். அதே கிரெகரியின் அணி 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி பெற்று, 9 புள்ளிகளோடு கடைசி இடத்துக்குப் போனது. நடுக்களத்தின் தூணாக இருந்த வியாசர்பாடி தனபால் கணேஷ், உங்களைப் போலவே முழங்கால் காயத்தால் ஆடவில்லை. கிளப் கிரெகரியை உடனே அனுப்பிவிடவில்லை. 2019 நவம்பர் இறுதியில்தான் பிரிந்தார்கள். பயிற்சியாளர் வேலையில் இந்த ஏற்ற இறக்கம் எல்லாருக்கும் வரும்.

சென்னையில் கிரெகரி பக்கத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர் நம்மூர் சையது சபீர் பாஷா. இந்தியன் வங்கி அணியின் முன்னாள் ஆட்டக்காரர். 2022 இல் சீசன் நடுவே தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு காலியானபோது இடைக்காலத்துக்கு அவர்தான் அதை ஏற்றார். சரி, அவரும் இந்தியாவுக்கு ஆடியவர் என்பீர்கள். அப்படியானால் இத்தாலியின் அர்ரிகோ சாக்கியைப் பாருங்கள். தொழில்முறை ஆட்டக்காரராக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. ஏசி மிலனுக்கு 1989, 1990 என அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்தார்.

உங்களுக்கு முதல் படி, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ். அதன் பிறகு சி, பி, ஏ, கடைசியில் ப்ரோ என்று வரிசையாக ஏற வேண்டும். தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்திடமும், அரியலூரில் மாவட்ட விளையாட்டு அலுவலரிடமும் அடுத்த பயிற்சி எப்போது, எங்கே என்று கேளுங்கள். லைசென்ஸ் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடம் பேசி, பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மாலை பந்தை நிறுத்தவும் பார்த்துப் பாஸ் கொடுக்கவும் சொல்லித்தாருங்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எது பிடிபட்டது, எது பிடிபடவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். டி லைசென்ஸ் வகுப்பில் அந்த நோட்டு உங்களுக்கு உதவும்.