எண்ணெயா, வியர்வையா?

திருவனந்தபுரத்தில் பழவங்காடி கணபதியைத் தொழுதுவிட்டுக் கிழக்கேகோட்டை வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தால் எந்த முகமும் பளபளக்கும். அதை வைத்து எண்ணெய்ச் சருமம் என்று முடிவு கட்டி, சாலைக் கடைத்தெருவில் கடுமையான சோப்பு வாங்கிவிடாதீர்கள். கடலோர ஈரக்காற்றில் வியர்வை சட்டென்று உலராது. அதுவும் எண்ணெய் போலவே மின்னும்.

காலையில், வீட்டுக்குள், மின்விசிறியின் கீழ் சோதியுங்கள். மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, துண்டால் ஒற்றியெடுத்து, எதையும் பூசாமல் 1 மணி நேரம் இருங்கள். பிறகு நெற்றி, மூக்கு, தாடை, கன்னங்கள் என ஒவ்வொரு இடத்திலும் தனி டிஷ்யூ தாளை ஒற்றி எடுங்கள். தாள்களைச் சிறிது நேரம் உலரவிடுவது மிக முக்கியம். வியர்வை ஈரம் மறைந்துவிடும்; எண்ணெய்க் கறை மட்டும் வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவித் தெரியும்.

எல்லாத் தாளிலும் கறை இருந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் என்றால் கலப்புச் சருமம். கறையே இல்லாமல் தோல் இழுத்துப் பிடித்தால் வறண்டது. இழுப்பும் இல்லையென்றால் சாதாரணம். அடிக்கடி எரிச்சலோ சிவப்போ வந்தால் உணர்வுமிக்க சருமம். இது மற்ற எந்த வகையோடும் சேர்ந்தே வரலாம். உணர்வுமிக்க சருமம் என்றால் புதிய கிரீமை முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்த்த பிறகே முகத்துக்குப் போங்கள்.

முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பரு வரும் சருமத்தில் அது துளைகளை அடைக்கக்கூடும். நாள் முழுக்க ஏசி அறையில் இருக்கும் வேலைக்கு மாறினால் சருமமும் மாறலாம்; சோதனையை மறுபடி செய்யுங்கள்.