மந்தலி – லுக்லா: இருபது நிமிடப் பயணத்துக்கு எத்தனை நாள் ஒதுக்கலாம்?

எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் நேபாளத்தின் லுக்லாவில்தான் நடையைத் தொடங்குகிறார்கள். காத்மாண்டுவிலிருந்து சுமார் 135 கி.மீ.; அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகப் பறந்தால் போதும். ஆனால் கூட்டம் அலைமோதும் வசந்த காலத்திலும், அக்டோபர், நவம்பரிலும் காத்மாண்டு விமான நிலையத்தில் நெரிசல் என்பதால், லுக்லா விமானங்கள் பலவும் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்தே கிளம்பும். டிக்கெட் எடுக்கும்போதே எந்த ஊரிலிருந்து என்று கேட்டுவிடுங்கள்.

மந்தலியிலிருந்து லுக்லா நேர்கோட்டில் 73 கி.மீ. பறக்கும் நேரம் 15 முதல் 20 நிமிடம். மந்தலி போய்ச் சேருவதுதான் பாடு. காத்மாண்டுவிலிருந்து சுமார் 130 கி.மீ. மலைப்பாதை, நான்கைந்து மணி நேரம். காலை விமானத்தைப் பிடிக்க நள்ளிரவு தாண்டியதுமே வண்டி ஏற வேண்டும். வளைவுகளில் குமட்டல் வரும் உடம்பென்றால் மாத்திரையைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் முந்தைய நாளே போய் மந்தலியில் தங்கிவிடுவது உத்தமம்.

ஏன் காலை விமானம்? லுக்லாவில் பொழுது ஏற ஏறக் காற்று வலுக்கும், மேகம் அடைக்கும். 2,800 மீட்டருக்கு மேலான உயரத்தில், மலைச்சரிவில் வெட்டிய ஓடுபாதை அது. நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் ஏறக்குறைய 60 மீட்டர் உயர வித்தியாசம். இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகம் தணியும். கிளம்பும் விமானம் சரிவில் உருண்டு வேகமெடுக்கும். மேல்முனையில் மலை நிற்பதால், கடைசி நேரத்தில் மறுபடி மேலெழும்பி வட்டமடிக்க வழியில்லை. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். எனவே தாமதம் என்று சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் உயிரைக் காக்கத்தான் நிறுத்திவைக்கிறார்கள்.

ஓடுவது ட்வின் ஆட்டர், டோர்னியர் போன்ற இருபது பேருக்குள் ஏற்றும் சிறு விமானங்கள். கைப்பையும் சேர்த்து 15 கிலோதான் பொதுவாக அனுமதி. போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். இமயச் சிகரங்கள் அந்தப் பக்கம்தான். 500 மீட்டருக்கும் தாழ்ந்த மந்தலியிலிருந்து ஒரே தாவலில் இவ்வளவு உயரம் போவதால், முதல் நாள் நடையை நிதானமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வைத்திருங்கள்; டெல்லியிலிருந்து காத்மாண்டுவுக்குப் பறக்க ஆதார் மட்டும் போதாது. நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முந்தி ஓடும்.

வானிலை கெட்டால் ஓரிரு நாள் விமானமே வராமல் போகலாம். ஊர் திரும்பும் டிக்கெட்டை, லுக்லாவிலிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு குறைந்தது இரண்டு நாள் விட்டுப் போடுங்கள்.