ஓய்வுக்கு முன் ஒரு வீட்டுக் கணக்கு

ஓய்வுக் காலம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது சாய்வு நாற்காலியும், செய்தித்தாளும், முன்வாசல் ரோசாச் செடியும் அல்லவா? அலுவலகத்தில் பணிபுரிவோர் பலருக்கு வீடு முதலில் அமைகிறது. ஓய்வு பின்னால் வருகிறது. சின்னமனூருக்கு மேலே, மேகமலைத் தேயிலைத் தோட்டங்களில் உழைப்போர்க்கு இது தலைகீழ். ஓய்வு வரும்போது வீடு போய்விடுகிறது.

தோட்டத்தில் தங்கி உழைப்பவர்க்கு வீடு தருவது முதலாளியின் கடமை என 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. நல்ல சட்டந்தான். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. 58 வயதில் ஏட்டிலிருந்து பெயர் நீங்கினால் லைன் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். பிள்ளை அதே தோட்டத்தில் பெயர் கொடுத்தால் வீடு தங்கும். எங்கள் லைனில் சிலர் பத்தாம் வகுப்போடு கூடையைத் தூக்கியது இதற்காகத்தான். என்னைக் கல்லூரிக்கு அனுப்பிய அன்றே என் பெற்றோர் அந்த வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு வெகு தாமதமாகவே உறைத்தது.

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய கதையன்று. திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் 2024இல் விருப்ப ஓய்வும் வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பும் ஒன்றாகவே வந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சரி, கையில் என்ன வரும்? கணக்கு மாணவன் என்பதால் அப்பா என்னிடமே கேட்டார். பணிக்கொடைக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழி எளிது: ஓர் ஆண்டு உழைப்புக்கு 15 நாள் கூலி. நாட்கூலி 400 ரூபாய், உழைப்பு 30 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 400 × 15 × 30 = 1,80,000 ரூபாய். வைப்புநிதி தனி. அதைச் சார்ந்த மாத ஓய்வூதியத்திற்கும் ஒரு சூத்திரம் உண்டு: சராசரி மாதச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 10,400 ரூபாய்க்கு 30 ஆண்டு என்றால் ஏறக்குறைய 4,457 ரூபாய். வாடகை கொடுத்துவிட்டு இதில் இருவர் உண்பது கடினம். ஆகவே பணிக்கொடையை முதலில் ஒத்தி வீட்டுக்கு ஒதுக்குவதே முறை என்றேன். கல்யாணம், காதுகுத்து என்று அது கரைந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன்.

அப்பா கேட்ட அடுத்த கேள்விக்குச் சூத்திரம் இல்லை. "கீழே சௌசௌ வருமாடா?"

லைனுக்குப் பின்னால் அவர் போட்டிருக்கும் சௌசௌப் பந்தலும் பீன்ஸ் கொடியும்தான் அவருடைய பொழுதுபோக்கு. குளிர் வேண்டும் கொடி அது. பள்ளத்தாக்கின் வெயிலில் சரியாக வராது. பந்தலே வேண்டுமென்றால் பன்னீர்த் திராட்சை இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். சென்ற மாதம் அவரை ஒரு தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். தேயிலைக்கு நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கவாத்து. திராட்சைக்கோ, கவாத்து முடிந்து நான்கு மாதத்திற்குள் பழமே வந்துவிடும் என்று அங்கிருந்தவர் சொன்னார். அப்பா கத்தரியை வாங்கி ஒரு கொடியை வெட்டிப் பார்த்தார்.

பேருந்து நிலையத்தருகே பார்த்திருந்த மாடி வீட்டை விட்டுவிட்டோம். இப்பொழுது ஊருக்கு வெளியே, கொல்லையுள்ள ஓட்டு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னும் பதினான்கு மாதங்கள் உள்ளன.