கடைக்குப் போகமுன்

அன்புள்ள மருமகனுக்கு,

பத்து மாதம்கூட ஆகாத பற்றரி படுத்துவிட்டது, கழற்றிக்கொண்டு கடைக்குச் சண்டைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் பொறு. முதலில் மீற்றரை எடு.

இரவு முழுக்க நின்ற காரில், சாவி போடமுன் அளக்க வேண்டும். ஓடி வந்த கையோடு அளந்தால் மீற்றர் கூட்டிக் காட்டும். 12.6 வோல்ற் என்றால் நிறைந்திருக்கிறது. 12க்குக் கிட்ட என்றால் வற்றிவிட்டது. படுவான்கரையில் கரண்ட் இல்லாத காலத்தில் கார் பற்றரியில் ரீவி பார்த்த சனம் நாங்கள். படம் சுருங்கினால் பற்றரி வற்றுகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வற்றியது வேறு, செத்தது வேறு. சார்ஜ் ஏற்றிவிட்டு, யாரையாவது ஸ்டார்ட் அடிக்கச் சொல்லி மீற்றரைப் பார். 9.6க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் பற்றரிக்குள்ளேதான் பழுது. என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்டாவிட்டால் ஓல்டர்நேற்றரையும் வயரையும் பார்.

நான் இதைப் பார்க்காமல் பட்டவன். 2022இல் பெற்றோல் இல்லை. பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து கிழமைக்கு 20 லீற்றர் கிடைக்கும்வரை கார் கல்லடி வீட்டு முற்றத்தில் கிடந்தது. அரைச் சார்ஜில் கிடந்தால் ஈயத் தகட்டில் சல்பேற்று இறுகும், பிறகு சார்ஜ் பிடிக்காது. புதுசு வாங்கினேன். அதுவும் ஒரு மாதத்தில் படுத்தது. கடையில் போய்க் கத்தினேன். அவர்கள் ஒரு நாள் சார்ஜ் போட்டுச் சோதித்து, "பற்றரி நல்லாயிருக்கு" என்று திருப்பித் தந்தார்கள். பிறகுதான் பார்த்தேன். கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்று எர்த் வயரின் முனையைப் பச்சையாக அரித்திருந்தது, பழுது அதில்தான். அந்தக் கடைப்பக்கம் போக இன்றும் வெட்கம்.

வரண்டி தயாரிப்புப் பழுதுக்குத்தான், விளக்கை அணைக்க மறந்ததற்கு இல்லை. ஆகவே சோதிக்க ஒரு நாள் கேட்டால் கொடு, அது நியாயம். மாற்றித் தந்தாலும் பெரும்பாலும் பழைய திகதியிலிருந்து மிச்ச மாதங்களுக்குத்தான் வரண்டி. எதுவரை என்று கேட்டு, பில்லில் எழுதுவித்து முத்திரை வாங்கு. காரணமில்லாமல் மறுத்தால் கத்தாதே. மறுப்பை எழுத்தில் கேள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

கழற்றும்போது நெகற்றிவ் கிளிப்பை முதலில் கழற்று. மீற்றர் இல்லாவிட்டால் சனிக்கிழமை இங்கே வா, என்னிடம் இருக்கிறது. பில்லையும் கொண்டு வா.

அன்புடன்,
மாமா