மங்கையர் உடைப் பெட்டி

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் நாட்டு மக்கள் நாள்தோறும் வழங்கும் பழமொழி. ஆயினும் கல்லூரி ஆண்டு மலரில் மகளிர் உடையைப் பற்றி எழுதப் புகுந்தால், "இலக்கியம் பயில்வோர்க்கு இஃது ஏற்ற பொருளோ?" என வினவுவார் சிலர் உளர். அன்னார்க்கு முதற்கண் விடை கூறிப் பின்னர்ப் பொருளினுட் புகுவாம்.

உடை அற்பக் காரியமன்று. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தைத் தன்னகத்துக் கொண்டிருந்த பழைய தென் திருவிதாங்கூரில், நாடார் குலப் பெண்டிர் மார்பை மறைத்து மேலாடை அணிதல் கூடாதென்று தடை இருந்தது. அவருட் கிறிஸ்தவர்களானோர் இரவிக்கையும் தோள்சீலையும் அணியத் தொடங்கிய பொழுது, அவர்தம் ஆடை தெருவிலும் சந்தையிலும் கிழித்தெறியப்பட்டது. 1822ஆம் ஆண்டில் மூண்ட கலகம் மீண்டும் மீண்டும் எழுந்து, 1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள் மன்னர் பிறப்பித்த ஆணையோடுதான் ஒருவாறு தணிந்தது. அவ்வாணையும் கட்டுப்பாடுகளோடு கூடியதே. தோளின்மேல் ஒரு துண்டுத் துணியை இட்டுக்கொள்ளும் உரிமைக்காக முப்பத்தேழாண்டு பாடுபட்ட பெண்டிரின் வழிவந்தோர் நம் கல்லூரியிற் பயில்கின்றனர். ஆதலின் உடையைப் பற்றிச் சிந்தித்தல் வீண் சிந்தனை ஆகாது.

வேதாகமமும் இதற்கு மாறன்று. நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திற் புகழப்படும் பெண்மணி ஆட்டு மயிரையும் சணலையும் தானே தேடித் தன் கையால் வேலை செய்கிறாள். தானும் நல்லாடை உடுத்துகிறாள். மலைப் பிரசங்கமோ உடைக்காகக் கவலைப்படுதல் வேண்டா எனப் போதிக்கின்றது. இவ்விரண்டும் முரணுவன அல்ல. உடையிற் கருத்து வேண்டும். உடையைப் பற்றிய கவலை வேண்டா. கருத்தோடு தேர்ந்த சில உடைகளே அக்கவலையைப் போக்கவல்லன என்பதே இக்கட்டுரையிற் கூறப்படும் பொருளாம்.

எம் விடுதியில் நிகழ்ந்த இரு செய்திகளை இங்குக் கூறுதல் பொருந்தும். தோழி ஒருத்தியின் பெட்டியிற் பதினான்கு சேலைகள் இருந்தன. எனினும் ஒவ்வொரு விழாவுக்கும் முந்திய இரவில் அவள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "உடுக்க ஒன்றுமில்லையே" என வருந்துவாள். மற்றொருத்திக்கு இருந்தவை நான்கே. சென்ற ஆண்டு விழா ஒன்றுக்கு வகுப்பினர் யாவரும் ஒரே நிறத்துப் புதுச் சேலை வாங்கி உடுத்துவதென்று முடிவு செய்தனர். விழா நாளன்று அவள் காய்ச்சலென்று கூறி அறையிற் படுத்திருந்தாள். யாம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோம்; சூடில்லை. பதினான்குடையாளும் நான்குடையாளும் ஒருங்கே வருந்தினர் எனின், குறை சேலையின் தொகையில் இல்லை. தேர்விலும் வழக்கத்திலுமே உள்ளது.

இனி, துணியின் இயல்பை அறிவாம். தறியினின்று அறுத்து எடுக்கப்படுதலின் அறுவை என்றும், துணித்து எடுக்கப்படுதலின் துணி என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். மதுரையில் அறுவை வீதி இருந்ததைச் சிலப்பதிகாரம் கூறும். சங்கப் புலவருள் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். இழை போன வழி கண்ணுக்குப் புலனாகாத, பாம்பின் தோலையொத்த நுண்ணிய ஆடையைப் பொருநராற்றுப்படை வருணிக்கின்றது. துணியைக் கூர்ந்து நோக்கும் கண் தமிழர்க்குப் புதிதன்று. அக்கண்ணை நாம் மீண்டும் பெறுவதற்கு நெடுந்தொலை செல்ல வேண்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் அண்டை ஊர்களாய் அமைந்துள்ள இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூருமே போதும்.

இராஜபாளையம் நூலின் ஊர். பி.ஏ.சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936ஆம் ஆண்டில் அங்கு நூற்பாலை தொடங்கினார்கள். நூலுக்கு நம்பர் உண்டென்பதை நம்மிற் பலர் அறியார். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் நிற்குமோ அதுவே அந்நூலின் நம்பர். எனவே 40ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டுக்கு 33,600 கெஜமும், 80ஆம் நம்பர் நூல் 67,200 கெஜமும் ஓடும். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40ஆம் நம்பர்ச் சேலை கனத்து, விறைத்து, நெடுநாள் உழைக்கும். 80ஆம் நம்பர்ச் சேலை உடலோடு படிந்து வீழும். மெலிந்த உடலினர்க்கு முன்னது நிறைவு தரும். பருத்த உடலினர்க்குப் பின்னது அழகு தரும்.

நூலின் நம்பர் மட்டுமன்று. நெசவின் நெருக்கமும் நோக்கத்தக்கது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகட்குரிய காயக்கட்டுத் துணி நெய்யப்படுகின்றது. அதன் இழைகள் இடைவிட்டு நிற்றலின் காற்றுப் புகும், ஈரம் உறிஞ்சப்படும். வெயில் மிகுந்த நம் நாட்டிற் பருத்தி உடுத்துவதன் பயனும் அதுவே. ஆயினும் உடுக்கும் சேலை அத்துணை இடைவெளி உடையதாயின் இரு வெளுப்பில் நைந்துவிடும். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, இழைகள் ஒரு சீராக நிற்கின்றனவா என நோக்குக. ஒரு மூலையை விரலால் மெல்ல இழுத்து, இழை விலகி நின்றுவிடுகிறதா எனவும் நோக்குக. விலகி நிற்பதை வாங்கற்க.

ஸ்ரீவில்லிபுத்தூர் தறியின் ஊர். அதனைச் சூழ்ந்த சிற்றூர்களுள் சுந்தரபாண்டியம் கைத்தறிச் சேலைக்குப் பெயர் பெற்றது. சென்ற விடுமுறையில் அப்பக்கத்து நெசவாளர் இல்லம் ஒன்றில் யாம் தறி கண்டோம். பெரியவர் குழியிற் காலை வைத்து மிதிக்க, பாவு திறந்து மூட, நாடா இப்புறமும் அப்புறமும் ஓடிற்று. அவர் மனைவியார் தார் சுற்றிக்கொண்டிருந்தார். "அம்மா, கடையில் முந்தானையை விரித்துக் காட்டுவார்கள். நீ உடலைப் பிடித்துப் பார், முந்தானை ஒரு முழம், உடல்தான் ஐந்து கெஜம்" என்று அவர் எமக்கு அறிவுரை கூறினார். அவ்வம்மையார் உடுத்தியிருந்ததோ விலை மலிந்த செயற்கை இழைச் சேலை. தம் இல்லத்தில் நெய்வது தமக்குக் கட்டுபடியாகாது என்றார். மூன்று மலிவுச் சேலைக்குச் செலவிடும் பொருளை நல்ல கைத்தறிச் சேலை ஒன்றிற்குச் செலவிடுவோமாயின், நம் பெட்டியும் சுருங்கும். அவர் தறியும் நில்லாது ஓடும் எனத் திரும்பும் வழியில் எண்ணினோம். நெசவாளர் கூட்டுறவு விற்பனைக்கென்றே கோ-ஆப்டெக்ஸ் 1935ஆம் ஆண்டு முதல் இருந்து வருகின்றது என்பதையும் மாணவியர் நினைவிற் கொள்வாராக.

இனித் தேர்வு முறையைக் கூறுவாம்.

முதலாவது, தேவையை எண்ணுக. வகுப்பு, ஆலயம், பயணம், திருமணம், துக்க வீடு, இல்லம் என நம் வாழ்வின் இடங்கள் ஆறேழே. ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே வாங்குதல் வேண்டா. ஓருடை ஈரிடத்திற்கேனும் பொருந்துமா என வினவிய பின்னரே வாங்குக. மெல்லிய கரையுடைய சந்தன நிறச் சேலை வகுப்புக்கும் ஆலயத்திற்கும் ஆகும். துக்க வீட்டிற்கும் இழுக்கன்று. வகுப்புக்குச் சல்வார் அணிவோர்க்கும் இஃது ஒக்கும்: இரண்டு கால்சட்டைகளோடு எல்லா மேற்சட்டைகளும் துப்பட்டாக்களும் பொருந்துமாறு அமைத்துக்கொள்க. இல்லத்தில் அணியும் நைட்டியையும் இழிவாகக் கருதற்க. இராஜபாளையத்தை அடுத்த தளவாய்புரத்தில் அதனைத் தைத்துப் பிழைக்கும் பெண்டிர் பலர்.

இரண்டாவது, இரவிக்கையைக் கொண்டு பெருக்குக. ஆறு சேலைக்கு அவ்வவற்றின் ஆறு இரவிக்கைகளே எனின், கோலம் ஆறேயாம். எல்லாச் சேலைக்கும் ஒத்த நான்கு இரவிக்கைகள் இருப்பின், கோலம் இருபத்துநான்கு. ஐந்தாவதாக ஓர் இரவிக்கை தைப்பின், ஒரு மீட்டருக்குட்பட்ட துணியால் ஆறு புதுக்கோலம் கிடைக்கும். பதினான்கு சேலையுடைய எம் தோழி வருந்தியதன் காரணம், அவற்றுள் ஒன்றேனும் மற்றொன்றோடு உறவு கொள்ளாமையே. அரக்கு, கருநீலம், கறுப்பு, சந்தனம் ஆகிய நிறங்களில் இரவிக்கை வைத்திருப்போர்க்கு இத்துன்பம் இல்லை.

மூன்றாவது, நிறத்தைப் பகலொளியிற் காண்க. கடையின் விளக்கொளி பொய் கூறும். சேலையை வாயிலுக்குக் கொணர்ந்து, முகத்தின் அருகே பிடித்துப் பார்க்க. முகம் தெளிந்து தோன்றின் அது நம் நிறம். சேலை மட்டுமே தோன்றின் அது பிறர்க்குரியது. கரிய மேனியர் வெளிறிய நிறங்களையே உடுத்தல் வேண்டும் என்பார் கூற்றைப் பொருட்படுத்தற்க. மயில் நீலமும், அரக்கும், இலைப்பச்சையும், மஞ்சளும் கரிய மேனியிற் பொலிவது போலப் பிற மேனியிற் பொலிவதில்லை. உடை நம் நிறத்தை மறைப்பதற்கன்று, விளக்குவதற்கு.

நான்காவது, அளவறிந்து கொள்க. குறுகிய உருவினர் பெருங்கரையை உடுத்தின், கரையே பாதி உடலைக் கொள்ளும். அவர்க்குச் சிறுகரையும் நெடுக்குக் கோடும் நெடுமை காட்டும். நெடிய உருவினர்க்குப் பெருங்கரையும் பெருங்கட்டமும் தகும். உள்பாவாடையின் நிறமும் நீளமும் பொருந்தாவிடின் எத்துணை விலையுயர்ந்த சேலையும் ஒளி இழக்கும்.

ஐந்தாவது, காத்து உடுக்க. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது மூத்தோர் மொழி. சாயம் போகுமா என அறிய, முதல் வெளுப்பைத் தனியே செய்க. நிழலில் உலர்த்துக. பருத்திக்கு மெல்லிய கஞ்சி இடுக. நெடுநாள் மடித்து வைப்பதற்குமுன் கஞ்சியை அலசிவிடுக, இன்றேற் பூச்சி அரிக்கும். பட்டை மூன்று திங்கட்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைக்க. மாற்றாவிடின் மடிப்பிலேயே இற்றுவிடும்.

அங்ஙனமாயின் விழாக்கோலமே வேண்டாவோ எனின், வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் மாலை சூடித் தன் அழகு நோக்கியது என்று கூறப்படும் கண்ணாடிக் கிணறு இன்றும் உளது. அவள் சூடிய மாலையும், கிளியும், பட்டும் சித்திரையில் மதுரைக் கள்ளழகருக்கும் புரட்டாசியில் திருப்பதிக்கும் செல்கின்றன. திருப்பாவையிலோ, நோன்புத் தொடக்கத்தில் ஆயர் சிறுமியர் மையும் மலரும் விலக்குகின்றனர். நோன்பு முடிவில் வளையும் தோடும் புத்தாடையும் அணிந்து, யாவரும் கூடி உண்ண விழைகின்றனர். யாம் வேறு சமயத்தினராயினும் இதனின்று ஒன்று கற்கின்றோம். எளிமைக்கும் ஒரு காலம் உண்டு; கோலத்திற்கும் ஒரு காலம் உண்டு. ஆயினும் அக்கோலம் ஒருத்தியைப் புறத்தே நிறுத்துவதன்று. அனைவரும் கூடுவதற்கே உரியது.

ஆதலின் நம் கல்லூரிச் சகோதரிகட்கு ஒரு விண்ணப்பம். ஒரு நாள் உடுத்தற்கென ஒரே நிறப் புதுச் சேலை வாங்கும் வழக்கத்தை விடுவோமாக. "அனைவரும் நீலம்" என்று மட்டும் குறிப்போம்; அவரவர் பெட்டியில் உள்ள நீலம் எதுவாயினும் ஆகுக; இல்லாதாள் தோழியிடம் இரவல் கொள்வாளாக. புதிதாக வாங்க விரும்புவோர் தறியில் நெய்த ஒன்றை, பல்லாண்டு உடுத்தற்கென வாங்குவாராக. கடல் நீலம், மயில் நீலம், மங்கிய நீலம், வெளுத்த நீலம் என ஐம்பது நீலங்கள் ஒரு மேடையில் நிற்றலினும் அழகு வேறில்லை. அந்நாளிற் காய்ச்சலென்று கூறி அறையிற் படுத்திருக்கும் தேவை நம்முள் எவர்க்கும் நேராதொழிக.