நெய் சேராத உருண்டைகள்

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை. அக்கா மகள் வீகனாக மாறிய பிறகு பால், தயிர், நெய் எதுவும் தொடுவதில்லை. "தேனும் வேண்டாம் சித்தி" என்று அவள் சொன்னபோது, நாலு மணிக்குக் கொறிக்க இவளுக்கு என்னத்தைத் தருவது என்று சற்றுத் திகைத்தேன். ஆற அமர யோசித்தால் எள்ளுருண்டை, காப்பரிசி, வெல்ல அவல் எல்லாமே அவளுக்கு ஆகிற பண்டங்கள்தான். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயிலும் முக்கியமாக இருப்பவை கடலையும் வெல்லமும்தானே! அதற்குப் பாகு பதம் கைவர வேண்டும் என்பதால் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அடுப்பில் வேகவைக்காத பண்டம் எது செய்தாலும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே போகிற பொருள் முன்பே தீயைக் கண்டதா? அதில் ஈரம் எவ்வளவு இருக்கிறது?

முதல் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பச்சைக் கோதுமை மாவில் சர்க்கரையும் எண்ணெயும் பிசைந்து அப்படியே உருட்டித் தின்னச் சொல்லும் செய்முறைகள் இப்போது பரவலாக உலவுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மில்லில் அரைத்ததால் மாவு வெந்துவிடாது, தானியத்தோடு வந்த கிருமிகளும் சாகாது. அவல் அப்படியில்லை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத்தான் அவலாக்குகிறார்கள். பொரியும் பொட்டுக்கடலையும் வறுபட்டு வருபவை. கடையில் கிடைக்கும் ஓட்ஸ்கூட ஆவி காட்டித் தட்டையாக்கியதுதான். இவற்றை நேராகக் கையாளலாம். முளைகட்டி வெயிலில் உலர்த்தி அரைத்த சத்துமாவு என்றால், வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்த பிறகே உருண்டைக்கு எடுக்கிறேன்.

எங்கள் வீட்டில் அடிக்கடி செய்வது எள்ளுருண்டை. 200 கிராம் கறுப்பு எள்ளுக்கு 120 கிராம் கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்குப்பொடி. எள்ளை நீர்விட்டு அரித்தால் கல் அடியில் தங்கிவிடும். துணியில் பரப்பி நன்றாக உலர்த்தி, சிறு தீயில் வறுக்க வேண்டும். படபடவென்று பொரிந்து அந்தச் சத்தம் அடங்கிவரும்போது நாலு எள்ளை விரலால் நசுக்கிப் பாருங்கள். நொறுங்கினால் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசந்துவிடும்.

நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸி. தொடர்ந்து ஓடவிடாமல் விப்பரில் விட்டு விட்டுச் சுற்றுகிறேன். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். இடிபடும்போது அது கசிந்து மாவைப் பிடித்துக்கொள்ளும். நெய் செய்கிற வேலையை இங்கே அந்த எண்ணெய் செய்கிறது. அதிகம் ஓடினால் எண்ணெய் முழுக்கப் பிரிந்து விழுதாகிவிடும். எள் கொரகொரப்பாக இருக்கும்போதே தட்டிய கருப்பட்டியைப் போட்டு இன்னும் இரண்டு சுற்று. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் விரல் பதிந்த இடம் பளபளக்க வேண்டும், அதுதான் பதம். உதிர்கிறதே என்று தண்ணீர் தெளிக்கக் கூடாது. விதை நீக்கிய பேரீச்சம்பழம் இரண்டைச் சேர்த்து ஒருமுறை சுற்றினால் கூடிவரும். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாக வருகிறது, தெரிந்த கடையில் வாங்குவதே நல்லது.

நிலக்கடலை உருண்டைக்குப் பேரீச்சம்பழமே இனிப்பு, அதுவே பிடிமானம். கடலை ஒரு பங்கு, பழம் ஒன்றரைப் பங்கு. கடலையை வறுத்துத் தோல் நீக்கிப் புடைத்த பிறகு, முறத்தை வெளிச்சத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பூத்தது எதுவும் வேண்டாம். பூஞ்சை விடும் அஃப்லடாக்ஸின் நச்சு வறுத்தால் முழுதாகப் போகாது. 'விதை இல்லாதது' என்று அட்டையில் போட்டிருந்தாலும் பேரீச்சம்பழத்தை ஒவ்வொன்றாகப் பிட்டுப் பாருங்கள், பல்லும் மிக்ஸி பிளேடும் பிழைக்கும்.

இரண்டாவது கேள்வி ஈரம். தேங்காய்த் துருவலும் வெல்லமும் போட்டு நனைத்த அவல் காலையில் செய்தால் மாலைக்குள் தீர வேண்டும். காப்பரிசிக்கும் அதே கணக்கு. நாள்பட இருக்க வேண்டுமென்றால் கொப்பரைதான். எள்ளுருண்டை, ஈரக் கை படாமல் பாட்டிலில் வைத்தால் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும், அதற்குள் தீர்ந்துவிடும் என்பது வேறு விஷயம். காரமாகக் கேட்கிறவர்களுக்குப் பொரியில் வெங்காயம், மாங்காய், பொட்டுக்கடலை போட்டு எலுமிச்சை பிழிகிறேன். நமுத்துவிடும், கலந்த கையோடு சாப்பிட வேண்டும்.

'ஆரோக்கியம்' என்ற பேச்சில் ஒரு மயக்கம் இருக்கிறது. வெல்லமோ கருப்பட்டியோ போட்டால் எத்தனை தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். 100 கிராம் வெல்லத்தில் சுமார் 380 கலோரி, சீனியில் சுமார் 400. ரத்தச் சர்க்கரை இரண்டிலும்தான் ஏறும். எள்ளும் கடலையும் கொழுப்பு மிகுந்தவை, நல்ல கொழுப்பே ஆனாலும் அளவு உண்டு. அதனால் உருண்டையைச் சிறு நெல்லிக்காய் அளவுக்கு மேல் பிடிப்பதில்லை, ஆளுக்கு இரண்டு. சின்னக் குழந்தைகளுக்குக் கடலையை முழுதாகத் தராதீர்கள், புரையேறும். பொடித்தே கொடுங்கள்.

உங்கள் வீட்டிலும் யாராவது முழு வீகனாக மாறியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். எள்ளில் கால்சியமும் கடலையில் புரதமும் உண்டு. வைட்டமின் பி12 மட்டும் இந்த உருண்டைகள் எதிலும் கிடையாது. மருத்துவரைக் கேட்டு அதற்குத் தனியாக மாத்திரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.